மன்னார்க் கரையோரத்தில் மேசைக்கணினி மேம்படுத்தல்: பாகங்களின் பொருத்தம்

மேசைக்கணினி மேம்படுத்தல் என்பது வீட்டிலுள்ள கணினியின் சில பாகங்களை மட்டும் மாற்றி, அதன் வேகத்தையும் ஆயுளையும் கூட்டுவதாகும். மாற்றும் பாகம் ஏற்கெனவே உள்ள பாகங்களோடு வடிவத்திலும் மின்னிணைப்பிலும் மென்பொருளிலும் ஒத்துப்போக வேண்டும். இதையே பொருத்தம் என்கிறோம். மன்னார்த் தீவிலும் அதை அடுத்த கரையோரத்திலும் இன்னொரு பொருத்தமும் தேவைப்படுகிறது. கணினி அவ்விடத்தின் மின்சாரத்தையும் உப்புக்காற்றையும் தாங்க வேண்டும்.

இலங்கையில் கணினிப் பாகங்களின் சில்லறை வணிகம் பெரும்பாலும் கொழும்பை மையமாகக் கொண்டது. பம்பலப்பிட்டியிலுள்ள யுனிட்டி பிளாசா இதற்குப் பெயர்பெற்ற கட்டடம். மன்னாரிலிருந்து கொழும்பு தரைவழியாக ஏறத்தாழ 300 கிலோமீற்றர். பிழையான பாகத்தை மாற்றுவதென்றால் அந்தத் தொலைவை மீண்டும் கடக்க வேண்டும். ஆகவே வாங்கிய பின் பொருத்திப் பார்ப்பதைவிட, வாங்குமுன் மாதிரி எண்களை ஒப்பிடுவதே இங்கு மலிவான வழி.

மதர்போர்ட்டும் புரொசசரும்

எந்தப் பாகம் பொருந்தும் என்பதை முதலில் தீர்மானிப்பது மதர்போர்ட். புரொசசரின் சொக்கெட் வகை மதர்போர்ட்டின் சொக்கெட்டோடு ஒத்திருக்க வேண்டும். இன்டெலின் எல்ஜிஏ 1150 (2013), எல்ஜிஏ 1151 (2015), எல்ஜிஏ 1200 (2020), எல்ஜிஏ 1700 (2021) ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. ஏஎம்டியின் ஏஎம்4 சொக்கெட் 2016 முதல் பல தலைமுறைகளுக்குப் பயன்பட்டது. 2022இல் ஏஎம்5 வந்தது.

சொக்கெட் ஒன்றாக இருந்தாலும் பொருத்தம் உறுதியாகாது. எல்ஜிஏ 1151இன் தொடக்ககால 100, 200 தொடர் மதர்போர்ட்டுகளில் எட்டாம் தலைமுறைப் புரொசசர் இயங்காது. பி450 போன்ற ஏஎம்4 மதர்போர்ட்டில் ரைசன் 5000 வரிசையைப் பொருத்துவதற்கு முன், பழைய புரொசசர் கழற்றப்படாத நிலையிலேயே, கணினியைத் தொடக்கும் மென்பொருளான பயோஸைப் பொதுவாகப் புதுப்பிக்க வேண்டும். தயாரிப்பாளர் வெளியிடும் புரொசசர் ஆதரவுப் பட்டியலில் ஒவ்வொரு மாதிரிக்கும் தேவையான பயோஸ் பதிப்பு குறிக்கப்பட்டிருக்கும்.

இன்டெல் புரொசசரின் பெயர் எஃப் எழுத்தில் முடிந்தால் அதில் உள்ளமை கிராபிக்ஸ் இல்லை. ஏஎம்4இன் ரைசன் புரொசசர்களில் ஜி எழுத்துள்ளவற்றில்தான் பொதுவாக அது உண்டு. தனிக் கிராபிக்ஸ் கார்ட் வாங்காதவர் இதைக் கவனிக்காவிட்டால் திரையில் எதுவும் தோன்றாது.

ரேம்

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய மூன்றிலும் வெட்டுக்குழியின் இடம் வெவ்வேறு. எனவே ஒன்றின் இடத்தில் மற்றொன்று இறங்காது. இவற்றின் வழமையான மின்னழுத்தங்கள் முறையே 1.5, 1.2, 1.1 வோல்ட். எல்ஜிஏ 1700 புரொசசர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். ஆனால் ஒரு மதர்போர்ட்டில் பொதுவாக இரண்டில் ஒன்றுக்கே இடமுண்டு. ஒரே சிப்செட்டில் இரு வகை மதர்போர்ட்டுகளும் விற்பனையாவதால், மாதிரிப் பெயரை முழுமையாகப் படிக்க வேண்டும்.

வேகம் வேறுபட்ட இரு ரேம்களைச் சேர்த்தால் இரண்டும் குறைந்த வேகத்திலேயே ஓடும். ஒரே அளவிலான இரண்டைச் சரியான துளைகளில் இட்டால் இரட்டைத் தடம் இயங்கும். உள்ளமை கிராபிக்ஸை நம்பியிருக்கும் கணினியில் இதன் பயன் நன்கு தெரியும். மலிவாகக் கிடைக்கும் சேர்வர் ரேம்களில் ரெஜிஸ்டர்ட் வகையானவை வீட்டுக் கணினிகளின் மதர்போர்ட்டுகளில் இயங்கா.

சேமிப்பகம்

ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் பழைய கணினிக்குச் செலவளவில் மிகுந்த பயன் தரும் மாற்றம் எஸ்எஸ்டி. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் வரை வாசிக்கும். மூன்றாம் தலைமுறை பிசிஐஇ வழியிலான என்விஎம்இ எஸ்எஸ்டி ஏறத்தாழ 3,500 மெகாபைட்டை எட்டும். இரண்டும் எம்.2 வடிவில் வருவதுண்டு. மதர்போர்ட்டின் எம்.2 துளை எந்த வகையை ஏற்கிறது என்பதைக் கையேட்டில் பார்க்க வேண்டும். 2280 என்ற குறி 22 மில்லிமீற்றர் அகலத்தையும் 80 மில்லிமீற்றர் நீளத்தையும் காட்டுகிறது. எம்.2 துளையில்லாத மதர்போர்ட்டில் மாற்றி அட்டை மூலம் என்விஎம்இயை இணைக்கலாம். எனினும் பயோஸ் ஆதரவில்லாவிட்டால் அதிலிருந்து இயங்குதளம் தொடங்காது.

கிராபிக்ஸ் கார்டும் பவர் சப்ளையும்

பிசிஐஇ துளை 75 வொட் வரை தரும். 6 முனை இணைப்பு மேலும் 75 வொட்டும் 8 முனை இணைப்பு 150 வொட்டும் தரும். ஜிடிஎக்ஸ் 1650இன் அடிப்படை வடிவம் 75 வொட்டுக்குள் அடங்குவதால் தனி மின்னிணைப்பு வேண்டியதில்லை. ஆர்டிஎக்ஸ் 3060 தனியாக 170 வொட் எடுக்கும். அதற்கு 550 வொட் பவர் சப்ளை பரிந்துரைக்கப்படுகிறது. லேபிளில் பெரிய எழுத்தில் உள்ள மொத்த வொட்டைவிட, 12 வோல்ட் தடத்தில் எவ்வளவு கிடைக்கிறது என்பதே முக்கியம். கார்டின் நீளத்தையும் புரொசசர் கூலரின் உயரத்தையும் கேசிங்கின் உள்ளளவோடு ஒப்பிட வேண்டும்.

பாவித்த அலுவலகக் கணினிகள்

வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்து இறக்குமதியாகும் டெல், எச்பி கணினிகள் இலங்கை வீடுகளில் பரவலாக உள்ளன. இவை உறுதியானவை, ஆனால் பொதுத் தரத்திலிருந்து விலகியவை. டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020இன் மதர்போர்ட் வழமையான 24 முனைக்குப் பதில் 8 முனை மின்னிணைப்பைக் கொண்டது. எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி1இல் அது 6 முனை. இத்தகைய கணினிக்கு வெளிச்சந்தைப் பவர் சப்ளை வேண்டுமானால் மாற்றிக் கேபிள் தேவை. மெல்லிய கேசிங்கில் சாதாரண பவர் சப்ளையோ முழு உயரக் கார்டோ அடங்காது.

இவற்றைப் போன்ற நான்காம் தலைமுறை இன்டெல் கணினியில் சாட்டா எஸ்எஸ்டியும் கூடுதல் டிடிஆர்3 ரேமும் வரை செலவிடுவது நியாயம். அதற்குமேல் போனால் மதர்போர்ட், புரொசசர், ரேம் மூன்றையும் ஒருசேர மாற்ற வேண்டிவரும். அப்போது பழைய கேசிங்கும் பவர் சப்ளையும்கூடப் பயன்படாமல் போகலாம்.

பாவித்த பவர் சப்ளையின் பின்புறத்தில் 115, 230 எனக் குறித்த சிறு சிவப்பு ஆளி இருந்தால், இலங்கையில் அது 230இல் இருக்க வேண்டும். 115இல் வைத்து மின் கொடுத்தால் பவர் சப்ளை எரிந்துபோகும்.

மின்சாரம்

இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். 2022 மார்ச் 31இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் நாடு முழுவதும் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாட்டையே இருளாக்கியது. இத்தகைய மின்தடையின்போது மின்கலத்தால் மின் தரும் சாதாரண 650 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வொட் அளவே தாங்கும். கணினியைப் பாதுகாப்பாக அணைக்கும் சில நிமிடங்களே அதன் பணி. மணிக்கணக்கான மின்வெட்டை அது ஈடுசெய்யாது. கிராபிக்ஸ் கார்ட் சேர்த்தவர் யுபிஎஸ்ஸின் வொட் அளவையும் மீண்டும் கணக்கிட வேண்டும். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மார்ச் முதல் ஏப்ரல் வரையும் ஒக்டோபர் முதல் நவம்பர் வரையும் இடிமழை அதிகம். அப்போது மின்கம்பியோடு இணையக் கம்பியையும் கழற்றி வைப்பதே உறுதியான காப்பு.

உப்புக்காற்று

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகக் காற்றின் வலிமையால்தான் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் கொண்ட தம்பபவனி மின்நிலையம் 2020இல் அமைந்தது. அதே காற்று உப்புத்துகளையும் மணலையும் வீட்டுக்குள் கொண்டுவருகிறது. சார்பு ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டும்போது உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிறது. அக்கரைசல் மின்கடத்துவதால் மதர்போர்ட்டின் செப்புத் தடங்களும் இணைப்பு முனைகளும் அரிக்கப்படுகின்றன.

ஆகவே கரையோர வீட்டுக்குக் கழற்றிக் கழுவக்கூடிய தூசிவலையுள்ள கேசிங் ஏற்றது. காற்றை உள்ளிழுக்கும் விசிறிகளின் தொகை வெளித்தள்ளும் விசிறிகளைவிடக் கூடுதலாக இருந்தால், தூசிவலையில்லாத இடுக்குகள் வழியாகக் காற்று நுழைவது குறையும். கடலை நோக்கிய யன்னலுக்கு அருகே கணினியை வைக்கலாகாது. ரேம் முனைகளில் படிந்த கறையை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைக்கலாம். பாவித்த பாகம் வாங்குவோர் திருகாணிகளிலும் பின்புற இணைப்பு முனைகளிலும் துரு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இயங்குதளம்

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். புரொசசர் பொதுவாக எட்டாம் தலைமுறை இன்டெல் அல்லது ரைசன் 2000 வரிசை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். பாகங்கள் தமக்குள் பொருந்திய பழைய கணினியும் இதனால் வரையறைக்கு வெளியே நிற்கலாம். அதற்கு லினக்ஸ் ஒரு மாற்று.

தெரிவு வரிசை

முதலில் மதர்போர்ட்டின் மாதிரி எண்ணையும் திருத்த எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்பு புரொசசர், ரேம், சேமிப்பகம், கிராபிக்ஸ் கார்ட் என்ற வரிசையில் ஆதரவைச் சரிபார்க்க வேண்டும். அதன்பின் கேசிங் அளவும் பவர் சப்ளையும், இறுதியாக யுபிஎஸ்ஸும் வரும். தொலைவிலிருந்து வரவழைப்போர் அந்த எண்கள் பற்றுச்சீட்டிலும் எழுதப்படுமாறு கேட்டால், வேறு மாதிரி வந்துசேரும்போது வொரண்டியும் மாற்றிப் பெறுதலும் எளிதாகும்.