முந்தியது இரயில், பிந்தியது பள்ளி

ஓர் ஊர் வளரும்போது அங்கு முதலில் வந்து சேருவது எது? இரயிலா, தொழிற்சாலையா, பள்ளிக்கூடமா? சென்னையை அடுத்த திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தின் வரலாற்றைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் பாதை 1856 ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அதன் பிறகும் நெடுங்காலம் இவ்வட்டாரம் ஏரியும் வயலுமாகவே இருந்தது. 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. 1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் பின்னர் கும்மிடிப்பூண்டியில் தொழில் வளாகம் அமைத்தது. 1979-இல் திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் மின்சார இரயில் பாதை வந்தது. இரண்டு ஊர்களும் சென்ட்ரலிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருப்பதால், ஓரிடத்தில் குடியிருந்து வேறிடத்தில் வேலை பார்ப்பது எளிதாயிற்று.

விளைவு என்ன? 1997-இல் உருவான திருவள்ளூர் மாவட்டத்தில் 2001-இல் சுமார் 27.5 லட்சம் மக்கள் இருந்தனர். 2011-இல் அது 37.3 லட்சமாயிற்று. பத்தாண்டுகளில் 35 விழுக்காடு! தமிழகத்தின் வளர்ச்சியோ 15.6 விழுக்காடுதான்.

இதைப் பள்ளிக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். ஆண்டுக்கு ஏறத்தாழ 97,000 பேர் கூடினர். ஏழு பேரில் ஒருவர் பள்ளி வயதினர் என்று வைத்துக்கொண்டால் சுமார் 13,900 பிள்ளைகள். வகுப்புக்கு 30 பேர் என்றால் ஆண்டுதோறும் 460 புதிய வகுப்பறைகள் வேண்டும். அதாவது வாரத்துக்கு ஒன்பது!

இவ்வளவு விரைவாகப் பள்ளிகள் வளராததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. தொழிற்சாலையின் சொத்துவரி அது நிற்கும் ஊராட்சிக்குச் செல்கிறது; தொழிலாளியின் பிள்ளைக்கு இடம் தேட வேண்டியது அவர் குடியிருக்கும் ஊர். இது ஒன்று. மக்கள் குடியேறிய பிறகே நாம் அவர்களை எண்ணுகிறோம் என்பது மற்றொன்று. கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை நடப்பது. 2021-இல் நடக்க வேண்டியதோ அவ்வாண்டு நடக்கவே இல்லை. ஆறு வயதுக் குழந்தை அதுவரை ஆறு வயதிலேயே நிற்குமா?

இதே சிக்கல் இங்கிலாந்திலும் எழுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இலண்டன் மக்கள் அதன் வடக்கேயுள்ள ஹார்ட்ஃபோர்டுஷயரில் பெருமளவில் குடியேறினர். அங்குள்ள கல்வி அதிகாரிகள் வரப்போகும் மாணவர் தொகையை முன்கூட்டியே கணித்தனர். ஆலையில் செய்த எஃகுச் சட்டங்களைக் கொண்டுவந்து பொருத்தி, சுமார் பத்தாண்டுகளில் நூறு பள்ளிகளை எழுப்பினர்.

வரப்போகும் பிள்ளைகளை முன்னறிய நமக்கும் வழிகள் உண்டு. வீட்டுமனை அனுமதிகள், பிறப்புப் பதிவுகள், சீசன் டிக்கெட் எண்ணிக்கை ஆகியவை ஆண்டுதோறும் கிடைப்பவை. உங்கள் ஊரில் சென்ற ஆண்டு எத்தனை புதிய வீடுகள் எழுந்தன, பள்ளியில் எத்தனை வகுப்பறைகள் கூடின என்று எண்ணிப் பாருங்கள். அந்த இரண்டு எண்களையும் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.