கடைசிப் புள்ளி

செம்மண்டலத்தில் புத்தகக் கடை வைத்திருக்கும் மாமாவுக்கு ஓர் ஆசை. கடையின் பெயரே தமிழில் இணைய முகவரியாகணும், முடிவில் '.இந்தியா' என்று வரணும். "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே மாப்ள" என்றார். எல்லாம் முடித்து ஜோன் கோப்பைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல நம்ம பேரு எங்க?"

இல்லை. 'எக்ஸ்என்' என்று தொடங்கி, இரண்டு சிறுகோடு, பிறகு வாயில் நுழையாத ஆங்கில எழுத்துகள்.

எண்பதுகளின் தொடக்கம்வரை வலையமைப்பிலிருந்த கணினிகளின் பெயரெல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. ஊருக்கெல்லாம் ஒரே கணக்குப்பிள்ளை, ஒரே அடங்கல். கணினிகள் பெருகியதும் சமாளிக்க முடியவில்லை. 1983இல் பால் மொகபெட்ரிஸ் பதிவேட்டைப் பிரித்து, அவரவர் பகுதிக்கு அவரவரே பொறுப்பு என்றாக்கினார். அந்தப் பகுதிதான் ஜோன்.

அதில் ஒவ்வொரு வரியும் ஒரு பதிவு: பெயர், எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்கிற டிடிஎல், வகுப்பு, வகை, மதிப்பு. வகை 'ஏ' என்றால் ஐபி முகவரி. 'எம்எக்ஸ்' என்றால் மெயிலை வாங்கும் சர்வர். தலையில் நிற்பது எஸ்ஓஏ. அதிலுள்ள வரிசை எண்ணை ஒவ்வொரு திருத்தத்துக்கும் கூட்டணும். மறந்தால் துணை சர்வர்கள் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். பொறுப்பாளரின் மெயில் முகவரியும் அங்கேதான், ஆனால் 'அட்' குறி இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி. 'அட்' குறிக்கு அந்தக் கோப்பில் வேறு வேலை: அது ஜோனின் பெயரையே குறிக்கும்.

நான் சறுக்கியதும் ஒரு புள்ளியில்தான். முழுப்பெயர் எழுதினால் கடைசியில் புள்ளி வைக்கணும். வைக்காவிட்டால், பாதிப்பெயர் என்று நினைத்து ஜோனின் பெயரையும் சர்வர் அதன் வாலில் ஒட்டிவிடும். எம்எக்ஸ் பதிவில் அந்தப் புள்ளியை விட்டுவிட்டேன். மெயில் வரலை. போதாததற்கு டிடிஎல் 86400 நொடி. திருத்திய பிறகும் ஒரு முழுநாள் என் தப்பு ஊரார் சர்வர்களின் நினைவில் கிடந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்கிறது தொல்காப்பியம். ஆனாலும் ஓலை கிழியுமே என்று ஏடெழுதியவர்கள் அதை வைக்காமல் விட்டார்கள். வாசிப்பவர் இடம் பார்த்துப் போட்டுக்கொண்டார். சர்வருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். பெயரில் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு மட்டும் என்பது பழைய வழக்கம். 1995இலேயே சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும் டான் டின் வீயும் வலையில் தமிழை ஏற்றிவிட்டார்கள். முகவரி மட்டும் ஆங்கிலமாகவே நின்றது. 1998இல் அதே டான் டின் வீயின் வழிகாட்டலில் ஜேம்ஸ் செங் பன்மொழிப் பெயர்களுக்கு வழி தேடினார். 2003இல் 'புனிகோடு' தரமானது. உலகத்து சர்வர்களை எல்லாம் மாற்றுவதற்குப் பதில், நம் எழுத்துக்கு ஆங்கில வேஷம் கட்டிவிட்டார்கள். புத்திசாலித்தனம்தான், எனக்கு முழு சம்மதமில்லை. 2010இல் .இலங்கை, 2011இல் .சிங்கப்பூரும் .இந்தியாவும் ரூட் ஜோனுக்குள் போனது அந்த வேஷத்தில்தான்.

'இந்தியா' நமக்கு நாலு எழுத்து. யூனிகோடுக்கு ஏழு, 'ந்'தின் புள்ளியும் தனிக்கணக்கு. ஜோனில் பதினேழு. 'எக்ஸ்என்'னையும் கோடுகளையும் தள்ளினால் இந்தியாவும் இலங்கையும் 'எக்ஸ்கேசி' என்றே தொடங்கும். அதுதான் 'இ'. இதைச் சொன்னதும் மாமா திரையில் விரல் வைத்து அந்த மூன்றெழுத்தைத் தேடிப் பிடித்தார்.

கடை போர்டில் தமிழ் முகவரி எழுதியாச்சு. பதிப்பகங்களின் ஆர்டர் படிவங்கள் சில அதை 'செல்லாது' என்று தள்ளுவதால், பில் புத்தகத்தில் பழைய ஆங்கில மெயில்தான். "அது கிடக்கட்டும் மாப்ள, போர்டைப் பாரு."