சுமைதாங்கி முதல் எரிவாயுப் பாரந்தூக்கி வரை

இரணைமடுக் குளத்து நீர் பாயும் கிளிநொச்சி வயல்களில் அறுவடை முடிந்ததும், நெல் மூட்டைகளைத் தோளேற்றும் வேலை தொடங்கும். மூட்டையொன்றின் பாரம் நெடுங்காலமாக 60 கிலோவுக்கு மேற்பட்டதாகவே இருந்து வந்துள்ளது. சர்வதேசத் தொழிலாளர் தாபனத்தின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரையோ, வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டலாகாது என்கிறது. மிகுதிப் பாரத்தைத் தாங்குவது நாட்டாமையின் முதுகெலும்பே.

சுமையுடன் நடப்பதைக் காட்டிலும், அதனை நிலத்திலிருந்து எடுத்து உயர்த்துவதே பெரும் வருத்தம். இதனை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். கருவுற்ற நிலையில் உயிர்நீத்த பெண்களின் நினைவாக வழியோரங்களில் சுமைதாங்கிகளை நாட்டினர். வழிப்போக்கர் பிறர் துணையின்றிச் சுமையை அதில் இறக்கி, இளைப்பாறி, மீண்டும் ஏற்றிச் சென்றனர். சுமை நிலத்தைத் தொடவேயில்லை.

அமெரிக்கரும் யந்திரத்தின் வழியே இவ்வுண்மைக்கே வந்து சேர்ந்தனர். 1906இல் பென்சில்வேனியா ரயில்வே மின்கல வண்டியில் பொதிகளைக் கொண்டு சென்றது. 1917இல் கிளார்க் நிறுவனம் பெற்றோல் வண்டியொன்றைத் தன் தொழிற்சாலைக்கென அமைத்தது. இவை பாரத்தைச் சுமந்தனவேயன்றி உயர்த்தவில்லை. 1923இல் யேல் நிறுவனத்தின் வண்டி, இரும்புக் கவர்களால் பாரத்தை உயரத் தூக்கியது. இரண்டாம் உலகப் போரில் மரத்தட்டுகள் பெருவழக்காயின. கவர்கள் நுழையுமளவுக்குப் பாரத்தை நிலத்தினின்றும் உயர்த்தி வைத்திருக்கும் அத்தட்டும் ஒரு சுமைதாங்கியே.

பெற்றோல் புகையிலுள்ள கார்பனோரொட்சைட்டு, அடைத்த களஞ்சியங்களில் உயிராபத்தை விளைத்தது. ஆகவே போருக்குப் பின்னர், அடுப்பெரிக்கும் வாயுவின் இனத்தைச் சேர்ந்த திரவப் பெற்றோலிய வாயு இவ்வண்டிகளிற் பரவியது. வண்டியின் பின்புறத்துச் சிலிண்டரைச் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். மின்கலத்துக்கு மின்னேற்றக் காத்திருப்பதுபோற் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த நச்சுவாயு முற்றாக நீங்கிவிடவில்லை. காற்றோட்டமும் செவ்வையான பராமரிப்பும் இல்லாவிடில் ஆபத்து ஆபத்தே.

வன்னிக்கு இவ்வரலாறு தரும் பாடம் யாது? யந்திரம் மட்டும் வந்தாற் போதாது. சமதளமான தரை, அகன்ற வாயில், உறுதியான மரத்தட்டு ஆகியவை முன்னரே அமைதல் வேண்டும். பாரவூர்தியின் தளத்துக்குச் சமமாக உயர்ந்த ஒரு மேடையும், சற்றுச் சிறிய மூட்டையும் யந்திரம் வருமுன்னரே முதுகைக் காக்கும். யந்திரம் வரும் நாளில், நேற்றுவரை மூட்டை சுமந்தவரையே அதன் சாரதியாகப் பயிற்றுவித்தல் வேண்டும். பாரம் இறங்கும்போது பிழைப்பும் உடன் இறங்கிவிடலாகாது.