பட்டியலில் இல்லாத நெய்யூர்

புது வருடம் பிறந்தால் டைரி வாங்குவதும், அதன் முதல் பக்கத்தில் இந்த வருடம் செய்ய வேண்டியவை என்று நம்பர் போட்டு எழுதுவதும் பலருக்குப் பழக்கம். சிலர் ஒரு படி மேலே போய், வாழ்நாளுக்குள் செய்து முடிக்க வேண்டியவை என்றே ஒரு பட்டியல் போட்டு விடுகிறார்கள். வீடு கட்டுவது, வெளிநாடு போவது, ஒரு புத்தகம் எழுதுவது... பட்டியல் போடுவது சுலபம். எதற்காக எதை அடிப்பது என்று முடிவு செய்வதுதான் கஷ்டம். அப்படி முடிவு செய்த ஒருவரின் கதை நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே இருக்கிறது.

127 ஆசைகள்

வாழ்க்கைப் பட்டியல் என்றதும் உலகம் முழுக்கச் சொல்லப்படும் பெயர் ஜான் கோடார்ட். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வளர்ந்தவர். 1940-ல், தன் 15-வது வயதில், ஒரு தாளை எடுத்து வாழ்நாளில் செய்ய வேண்டியவை என்று 127 விஷயங்களை எழுதினார். நைல் நதியில் பயணம் செய்வது, மலைகளில் ஏறுவது, விமானம் ஓட்டுவது, நிலவுக்குப் போவது என்று எல்லாம் அதில் உண்டு. மருத்துவம், நாடு காணல் இரண்டிலும் பணியாற்ற வேண்டும் என்பதும் அதில் ஒன்று. 2013-ல் அவர் இறப்பதற்குள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை முடித்து விட்டார். முடிக்காமல் விட்டவற்றில் ஒன்று எவரெஸ்ட் சிகரம் ஏறுவது.

கோடார்ட் பிறந்தது 1924-ல். அதே ஆண்டில் எவரெஸ்ட் உச்சிக்குச் சுமார் 300 மீட்டர் கீழே நின்று திரும்பி, நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார் இன்னொருவர். அவர்தான் டாக்டர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல்.

எவரெஸ்ட்டும் ஏழு பேரும்

சாமர்வெல் 1890-ல் இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் பிறந்தவர். குடும்பத்துக்குச் சொந்தமாகக் காலணித் தொழிற்சாலை இருந்தது. கேம்பிரிட்ஜில் அறிவியலும், பிறகு லண்டனில் மருத்துவமும் படித்தார். மலை ஏறுவார், ஓவியம் வரைவார், இசையில் நல்ல தேர்ச்சி. அவருடைய ஆசைப் பட்டியலை அவர் வாழ்க்கையைப் பார்த்து நாமே எழுதி விடலாம்: மலை, கத்தி, தூரிகை, இசை.

முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவராக பிரான்சில் இருந்தார். 1916 ஜூலையில் சோம் சண்டை தொடங்கியபோது காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து திறந்த வெளியில் படுத்துக் கிடந்தார்கள். சில டாக்டர்களால் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? யாரைக் காப்பாற்றலாம், யாரை விட்டு விடுவது என்று நடந்துகொண்டே முடிவு செய்ய வேண்டிய நிலை. என்னை முதலில் பாருங்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை என்பது அவர் மனதை விட்டு நீங்கவே இல்லை.

போர் முடிந்து, 1922-ல் பிரிட்டிஷ் எவரெஸ்ட் குழுவில் இடம் கிடைத்தது. மே 21 அன்று மாலரி, நார்ட்டன், சாமர்வெல் மூவரும் ஆக்சிஜன் இல்லாமல் சுமார் 8,225 மீட்டர் உயரம் வரை போனார்கள். அதற்கு முன் மனிதர் யாரும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை.

ஆனால் ஜூன் 7 அன்று மறுபடி முயன்றபோது பனிச்சரிவு ஏற்பட்டது. சுமை தூக்கி வந்த தொழிலாளர்கள் ஏழு பேர் இறந்து போனார்கள். ஆங்கிலேயர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா என்று சாமர்வெல் துடித்ததைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

நெய்யூரில் நின்ற வரிசை

மலையிலிருந்து இறங்கிய சாமர்வெல், கையிலிருந்த 60 பவுன் பணத்தோடு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். அப்படியே தெற்கே வந்தவர், நெய்யூரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த தன் நண்பர் டாக்டர் பியூ என்பவரைப் பார்க்கப் போனார்.

இரணியலுக்குப் பக்கத்தில் உள்ள நெய்யூர் அப்போது தென் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. (கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ல்தான்.) அங்கே மிஷன் மருத்துவப் பணி 1838-லேயே தொடங்கி விட்டது. சாமர்வெல் பார்த்ததோ, தாங்க முடியாத கூட்டத்தை. வாசலில் நீண்ட வரிசை, ஆபரேஷன் செய்ய ஒரே ஒரு தகுதி பெற்ற சர்ஜன். பிரான்சில் குண்டடி பட்டவர்கள், இங்கே அல்சரும் கட்டியும் கொண்டவர்கள். மற்றபடி இரண்டு இடத்திலும் கணக்கு ஒன்றுதான்: ஆட்கள் அதிகம், டாக்டர் குறைவு. ஒரு வித்தியாசம், போர் ஒரு நாள் முடிந்து விடும். இந்த வரிசை முடியாது.

சுற்றிப் பார்க்க வந்தவர் தங்கி உதவினார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு பதவி காத்திருந்தது. எந்த இளம் சர்ஜனும் கனவு காணும் இடம். அதை வேண்டாம் என்று சொல்லி விட்டு, 1923-ல் நெய்யூருக்கே டாக்டராக வந்து விட்டார்.

மீதி 300 மீட்டர்

இதோடு மலை ஆசை விட்டுப் போயிற்று என்று நினைக்க வேண்டாம். 1924-ல் மறுபடி எவரெஸ்ட் குழு புறப்பட்டபோது நெய்யூரிலிருந்து போய்ச் சேர்ந்து கொண்டார்.

மே மாதக் கடைசியில் சுமைத் தொழிலாளர்கள் நான்கு பேர் மேல் முகாமில் இறங்க முடியாமல் மாட்டிக் கொண்டார்கள். உச்சிக்கு வைத்திருந்த பலத்தை வீணாக்காமல் காத்திருக்கலாம் என்று தலைவர்கள் நினைக்கவில்லை. நார்ட்டன், மாலரி, சாமர்வெல் மூவரும் ஏறிப் போனார்கள். ஆபத்தான சரிவில் கயிற்றோடு முன்னே போனவர் சாமர்வெல். கயிறு சில கெஜம் போதவில்லை. இரண்டு பேர் வழுக்கி, விளிம்புக்கு முன் எப்படியோ நின்றார்கள். சாமர்வெல் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, அதன் நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எட்டி அவர்களை இழுத்தார். நான்கு பேரும் பிழைத்தார்கள். 1922-ல் ஏழு பேரைப் பலி வாங்கிய அதே மலைப்பகுதி இது என்பது குறிப்பிடத்தக்கது.

ஜூன் 4 அன்று நார்ட்டனும் சாமர்வெலும் உச்சியை நோக்கி நடந்தார்கள். தொண்டை புண்ணாகி மூச்சு விட முடியாமல் சாமர்வெல் சுமார் 8,530 மீட்டரில் உட்கார்ந்து விட்டார். நார்ட்டன் தனியாக 8,572 மீட்டர் வரை போய்த் திரும்பினார். ஆக்சிஜன் இல்லாமல் ஏறியதில் அது 1978 வரை முறியடிக்கப்படாத சாதனை. இறங்கும் வழியில் சாமர்வெலின் தொண்டை முழுவதுமாக அடைத்தது. முன்னால் போன நார்ட்டனைக் கூப்பிடக் குரல் இல்லை. சாகத்தான் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தவர், கடைசி முயற்சியாக இரண்டு கைகளாலும் நெஞ்சை அழுத்தினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது, மூச்சும் வந்தது.

தன் கேமராவை மாலரியிடம் கொடுத்தார். ஜூன் 8 அன்று மாலரியும் இர்வினும் மேலே போனார்கள், திரும்பி வரவில்லை. சாமர்வெல் நெய்யூருக்குத் திரும்பினார்.

வரவும் செலவும்

வணிகவியல் படிப்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே வரும் பாடம் வாய்ப்புச் செலவு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்ட அடுத்த நல்ல வாய்ப்புதான் அதன் உண்மையான விலை என்பார்கள். சாமர்வெல் கொடுத்த விலை லண்டன் பதவி. அதற்கு என்ன வந்தது?

இருபது வருடங்களுக்கு மேல் நெய்யூர்ப் பணி. அந்தப் பகுதியில் சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் அல்சர் மிக அதிகம். மரச்சீனிக் கிழங்கையே நம்பிய உணவு ஒரு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். இந்த நோய்க்கு அவர் செய்த ஆபரேஷன்கள் ஆயிரக்கணக்கில் போகும். அந்த அனுபவம் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரையாக வந்தது. தொழுநோயாளிகளுக்கும் வைத்தியம் செய்தார். 1949 முதல் 1961 வரை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சர்ஜரி கற்றுக் கொடுத்தார். 1953-ல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டது அவருடைய வேலூர்க் காலத்தில்தான்.

மற்ற ஆசைகளையும் அவர் அடித்து விடவில்லை. இமயத்தை ஓவியங்களாக வரைந்தார். திபெத்திய மெட்டுகளைக் கேட்டு எழுதி, 1924 எவரெஸ்ட் திரைப்படத்துக்கு இசையாக அமைத்துக் கொடுத்தார். ஓய்வு பெற்று இங்கிலாந்து போன பின் ஆல்பைன் கிளப்பின் தலைவரானார். 1975-ல் இறந்தார். கேரள எல்லையில் காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது. ஜெயமோகனின் ‘ஓலைச்சிலுவை’ கதையைப் படித்தவர்களுக்கும் அவர் பழக்கமானவர்.

இங்கே கவனிக்க வேண்டியது, நெய்யூர் அவருடைய எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை. மலைக்காக இந்தியா வந்தார், ஊர் பார்க்கத் தெற்கே வந்தார், வரிசையைப் பார்த்தார். பட்டியல் என்ன செய்தது என்றால், அவரை அந்த வாசல் வரை கொண்டு வந்தது. மலை ஆசை இல்லாவிட்டால் நெய்யூரும் இல்லை. ஆகவே பட்டியல் போடுவது வீண் என்று சொல்ல முடியாது. 127 கூட எழுதலாம். ஆனால் அதை முடிக்கப் போகும் வழியில் யாராவது வரிசையில் நின்று கொண்டிருந்தால், 128-வதாக ஒன்றை எழுத இடம் இருக்க வேண்டும். அதற்காக மேலே உள்ள ஒன்றை அடிக்க வேண்டி வந்தாலும் சரி.