தொறுப்பூசலும் காக்கேசியமும்: தகடூர் நாட்டு நடுகற்களை முன்வைத்து

ருஷ்ய எல்லைப்படைக் கதைகளுக்குத் தமிழில் இணை தேடினால் எடுத்த எடுப்பில் புறநானூறுதான் நினைவுக்கு வரும். அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர் இன்றைய தருமபுரி. அவனைப் பாடியவர் ஔவை. ஆயினும் அந்த இணை பொருந்தாது என்பதே என் கருத்து. புறப்பாட்டு புரவலனைப் பாடுவது. அதில் சாதாரணச் சேவகனுக்குக் கிடைக்கும் இடம் குறைவு. டால்ஸ்டாயின் காக்கேசியக் கதைகளுக்கு நெருங்கிய உறவு நடுகல் எழுத்துகளே.

பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர் எனப் பல ஆட்சிகள் உரசிக்கொண்ட எல்லை நிலம் தருமபுரியும் அதை ஒட்டிய செங்கமும். இங்குள்ள பழைய வட்டெழுத்து நடுகற்களில் பெரும்போர் அரிது. ஆநிரை கவர்தலும் மீட்டலுமே மிகுதி. அரசனின் ஆட்சியாண்டு, தலைவன் பெயர், அவனுக்கு வீரன் என்ன உறவு, எந்தப் பூசலில் பட்டான் என்று சில வரிகளில் செய்தி முடிந்துவிடும். அவன் அஞ்சாதவன் என்றோ ஆண்மையாளன் என்றோ கல் பெரும்பாலும் சொல்வதில்லை.

எடுத்தனூர்க் கல்லைப் பாருங்கள். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், வாணகோ அரசரின் உறவினர் பொற்றொக்கையாரின் இளமகன் கருந்தேவக்கத்தி தன் எருமைகளைக் காக்கப் போய் மாண்டான். கோவிவன் என்ற அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது. நாய்க்கும் பெயர் உண்டு, உருவம் உண்டு. கள்ளர்களுக்கு எண்ணிக்கை மட்டுமே.

1851இல் காக்கேசியம் சென்ற டால்ஸ்டாய் மறு ஆண்டு பீரங்கிப் படையில் சேர்ந்தார். 1855இல் வெளிவந்த ‘மரம் வெட்டுதல்’ கதையில் வெலென்சூக் என்ற சிப்பாய் குண்டடிபட்டுச் சாகக் கிடக்கிறான். அப்போது அவனை அரிப்பது ஒரு பாக்கி. அதிகாரி ஒருவர் மேலங்கி தைக்க 2 ரூபிள் கொடுத்திருந்தார். ஒன்றரைக்குப் பொத்தான் வாங்கியாயிற்று. மீதி அரை ரூபிள் பொத்தான்களோடு பையில் இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்கிறான். வீரம் என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. எருமைக்காகச் செத்தவனும் அரை ரூபிளை மறக்காதவனும் ஒரே இனம்.

பகைவன் திசையில் பார்த்தால் கல் இன்னும் சுவாரசியமானது. தொறு, அதாவது ஆநிரை, மீட்டுப் பட்டவனுக்குக் கல் உண்டு. தொறு கொள்ளப் போய்ப் பட்டவனுக்கும் உண்டு. ஓர் ஊரின் கள்ளன் அடுத்த ஊரின் வீரன். ஆநிரை கவரும் வெட்சித் திணையைத் தொல்காப்பியம் வேந்தன் ஏவலோடு சேர்த்து முறைப்படுத்திக் காட்டுகிறது. கற்களில் உள்ளூர்த் தலைவர்களின் சச்சரவே அதிகம். லெர்மன்தவின் ‘நம் காலத்து நாயகன்’ (1840) நாவலில் அஸமாத் என்பவன் ஒரு குதிரைக்காகத் தன் அக்காளையே கடத்திக் கொடுப்பதும் இந்த உலகத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் பகைவனின் மனத்துக்குள்ளேயே போய் உட்கார, டால்ஸ்டாய் மறைவுக்குப் பின் 1912இல் வெளிவந்த ‘ஹாஜி முராத்’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

‘ஹாஜி முராத்’ நாவலில் அவ்தேயெவ் என்ற சிப்பாய் ஒரு சில்லறைத் துப்பாக்கிச் சண்டையில் சாகிறான். மேலிடத்துக்குப் போகும் அறிக்கையோ, நம் தரப்பில் ஒருவர் சாவு, மலைவாசிகள் தரப்பில் ஏறத்தாழ நூறு பேர் இழப்பு என்கிறது. அந்த நூறைச் சரிபார்க்கத் தலைநகரில் யார் இருக்கிறார்கள்? நடுகல்லும் வாய்பாட்டில் எழுதிய ஆவணமே. ஆனால் அது நிற்பது சண்டை நடந்த ஊரில். எருமைக்காரரும் சாட்சிகளும் அதைத் தாண்டித்தான் தினமும் போய்வருவார்கள். இரண்டு கள்ளரை அங்கே இருபதாக்க முடியாது. நடுகல்லின் சுருக்கத்தை எழுத்தறிவுக் குறைவாகப் பார்ப்பதைவிட, ஊரார் கண்முன் எழுதியதன் விளைவாகக் கொள்வதே பொருத்தம்.

ஊர்ப்பார்வை வாயை அடைக்கவும் செய்யும். பட்டவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டியாக நிலம் விட்டதைச் சில கற்கள் பதிகின்றன. அந்த வீட்டுக்குள் நடந்ததைப் பதிவதில்லை. டால்ஸ்டாயின் நாவல் பதிகிறது. பிள்ளைகுட்டிக்காரனான அண்ணனுக்குப் பதில் படைக்குப் போனவன் அவ்தேயெவ். தாய் அவனுக்கு அனுப்பிய ஒரு ரூபிள் சாவுச் செய்தியோடு திரும்பி வருகிறது. மனைவி அக்ஸீன்யா ஊர் கேட்க ஒப்பாரி வைக்கிறாள். உள்ளூர அவளுக்கு நிம்மதி. வேறொருவனின் பிள்ளை அவள் வயிற்றில் இருக்கிறது. எந்த ஊரும் இதைத் தன் நடுகல்லில் வெட்ட விடாது.