பூட்டு எங்கே, திறவுகோல் யார் கையில்?

திண்டுக்கல் என்றதும் மலைக்கோட்டைக்கு அடுத்தபடியாக நம் நினைவுக்கு வருவது பூட்டு. நம் கொல்லர்களின் கைத்திறனுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. பொருளைக் காக்கப் பிறந்த இந்தப் பூட்டு, மனம் நொந்த மனிதரை அடைத்து வைக்கவும் பயன்பட்டதுண்டு. பின்கட்டு அறையில் பூட்டப்பட்ட அண்ணனையோ, தூணில் பிணைக்கப்பட்ட அத்தையையோ பற்றி நம் குடும்பங்களில் தாழ்ந்த குரலில் பேசக் கேட்டிருக்கிறோம். குடியும் மனநோயும் தற்கொலையும் பல வேளைகளில் ஒரே வீட்டின் வாசற்படியை அடுத்தடுத்து மிதிப்பதையும் நாம் அறிவோம். இவற்றை வருமுன் காக்க நம்மை ஆண்ட அமைப்புகள் என்ன செய்தன, எதில் தவறின, எதில் வென்றன என்பதைத் திரும்பிப் பார்ப்பது நம் கடமையாகிறது.

நகராட்சியும் நோயும்

திண்டுக்கல் நகராட்சி 1866-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. தெருவிளக்கு, குடிநீர், சந்தை, துப்புரவு, காலராத் தடுப்பு, அம்மை குத்துதல் ஆகியனவே அக்கால நகராட்சிகளின் பணிகள். உடலைத் தாக்கும் கொள்ளைநோய் ஊரின் பொதுக்கவலையாயிற்று. மனத்தைத் தாக்கும் நோயோ வீட்டாரின் தனித்துயராகவே விடப்பட்டது. 1794-இல் சென்னையில் தொடங்கி, 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறிய மனநோய் மருத்துவமனைதான் தென்மாவட்டத்தாருக்கும் நெடுங்காலம் புகலிடம். நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு அது. 1912-ஆம் ஆண்டின் சட்டமும் நோயாளியை எவ்வாறு அடைத்து வைப்பது என்பதைப் பற்றியே பெரிதும் பேசியது. நோய் வராமல் தடுப்பதைப் பற்றிய எண்ணமே அன்று இல்லை.

மதுவின் கதை

தடுக்கும் முயற்சி முதலில் எழுந்தது மதுவின் பொருட்டே. 1937 அக்டோபர் முதல் நாள், முதன்மை அமைச்சராக இருந்த இராஜாஜி தம் சொந்த மாவட்டமாகிய சேலத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். மாநிலம் முழுவதிலும் ஒரே நாளில் ஆணையிடாமல், ஒரு மாவட்டத்தில் செய்து பார்த்து, பிறகு விரிப்பதே திட்டம். கள்ளுக்கடைக்குச் சென்ற கால்களுக்கு மாற்றுவழி வேண்டுமென்று மாலைப்பொழுதில் பஜனையும் விளையாட்டும் ஏற்பாடு செய்யப்பட்டன. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி வந்தது. 1948 அக்டோபர் 2-ஆம் நாள் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கின் கீழ் வந்தது. அன்று மதுரை மாவட்டத்தோடு இணைந்திருந்த நம் திண்டுக்கல்லும் அதில் அடங்கும்.

பின்னர் நிகழ்ந்தவற்றை விரைந்தே சொல்லிவிடலாம். 1971-இல் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 1974-இல் கடைகள் மூடப்பட்டன. 1981-இல் மீண்டும் திறக்கப்பட்டன. 1987-இல் கள்ளும் சாராயமும் விலக்கப்பட்டன. 2003-ஆம் ஆண்டின் இறுதியில் அரசின் வாணிபக் கழகமே சில்லறை விற்பனையை ஏற்றது. மதுவின் வருவாய் அரசின் கருவூலத்துக்குச் செல்ல, அதன் விளைவு அடுப்படிக்கு வந்து சேர்ந்தது.

இதற்கிடையே உள்ளாட்சிக்குப் புதுவாழ்வு பிறந்தது. அரசியல் சட்டத்தின் 73-ஆம் திருத்தமும் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்குச் சட்டத்தில் இடம் அளித்தன. அச்சபைகளில், மதுக்கடையை அகற்றக் கோரித் தமிழகமெங்கும் பெண்கள் எழுந்து நின்று பேசினர், தீர்மானங்கள் நிறைவேறின. ஆனால் கடையைத் திறப்பதும் மூடுவதும் மாநில அரசின் அதிகாரம் ஆதலால், ஊரின் தீர்மானம் பெரும்பாலும் வேண்டுகோளாகவே நின்றுவிட்டது. மகாராட்டிரத்தில் நிலைமை சற்று வேறு. அங்கே ஓர் ஊரின் பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எதிர்த்து வாக்களித்தால் கடையை மூட விதியுண்டு. பூட்டும் சாவியும் துன்பப்படுவோரின் கைக்கு எட்டும் தொலைவில் வைக்கப்பட்ட நல்ல எடுத்துக்காட்டு அது.

சங்கிலியிலிருந்து மருந்துக்கு

மனநோயைப் பொறுத்தமட்டில் திருப்பம் கருநாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நிகழ்ந்தது. 1985 அளவில், பெங்களூர் தேசிய மனநல நிறுவனத்தார் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி அளித்து, நோயாளி வாழும் இடத்திலேயே மருந்து கிடைக்கச் செய்தனர். அம்முறையைப் பின்பற்றி, 1996-இல் நடுவண் அரசு மாவட்ட மனநலத் திட்டத்தைத் தொடங்கியபோது, நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு மாவட்டங்களில் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. அன்று திண்டுக்கல்லின் கத்தோலிக்க மக்கள் திருச்சி மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்களே. 2003-இல்தான் நாம் தனி மறைமாவட்டமானோம். நம் பக்கத்து வீட்டில் விளக்கு ஏற்றப்பட்டது என்றே சொல்லலாம்.

ஆயினும் அவ்வொளி எங்கும் பரவுவதற்குள் ஒரு பெருந்துயர் நேர்ந்தது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர். அவர்களை அங்கே கொண்டு சேர்த்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அருகில் மருத்துவம் இல்லாததாலும், வீட்டில் வைத்துக் காக்க இயலாததாலும், ஒரு நம்பிக்கையோடு விட்டுச் சென்ற உறவினரே அவர்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இவ்வழக்கை எடுத்துக்கொண்டது. மாவட்ட மனநலத் திட்டம் படிப்படியாகப் பிற மாவட்டங்களுக்கும் விரிந்து, நம் மாவட்டத்தையும் வந்தடைந்தது. 2022-இல் திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. கீழ்ப்பாக்கம் வரை போகவேண்டியிருந்த காலத்தை எண்ணினால், நாம் கடந்து வந்த தூரம் சிறிதன்று.

நஞ்சுக்கு ஒரு பூட்டு

தற்கொலையின் உண்மையான அளவே நெடுநாள் மறைந்திருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் அருகிலுள்ள கணியம்பாடி வட்டாரத்தில் 1994 முதல் 1999 வரை ஒவ்வோர் இறப்பையும் வீடு வீடாக விசாரித்து ஆராய்ந்தனர். இலட்சம் பேருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 95 பேர் தற்கொலையால் இறந்ததை அவர்கள் கண்டனர். அரசுக் கணக்கின் தேசிய சராசரியைப்போல் பல மடங்கு இது. வழக்குக்கும் பழிச்சொல்லுக்கும் அஞ்சி எத்தனை குடும்பங்கள் உண்மையை மறைத்தன என்பதை இவ்வெண் உணர்த்துகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படியே 2022-இல் தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தோர் 19,834 பேர்.

நிலக்கோட்டையின் மல்லிகைத் தோட்டமானாலும், ஒட்டன்சத்திரத்தின் காய்கறி வயலானாலும், பூச்சிமருந்து வீட்டுப் பொருள்களுள் ஒன்றாகிவிட்டது. கோபத்தின் அல்லது துயரத்தின் ஒரு நாழிகையில் அது கைக்கெட்டும் தொலைவில் இருப்பதே பல உயிர்களைப் பறிக்கிறது. அந்நாழிகை கடந்துவிட்டால் பலர் வாழவே விரும்புகின்றனர் என்பது இத்துறையில் உழைப்போர் கண்ட உண்மை. எனவே கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னையின் சிநேகா அமைப்பினர் ஒரு முயற்சி செய்தனர். உழவர்கள் தம் மருந்தை வீட்டில் வைக்காமல், பொதுக்கட்டடம் ஒன்றில் தத்தம் பெட்டியில் பூட்டி வைத்து, வேண்டும்போது எடுத்துச் செல்லும் ஏற்பாடு அது. ஊரார் அதை ஏற்றனர், பயனும் தெரிந்தது. 2013-இல் அதன் விவரங்கள் வெளியாயின.

பூட்டு ஒன்றே போதுமா? இலங்கையில் 180 சிற்றூர்களில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கொண்டு நடத்தப்பட்ட பெரும் ஆய்வு, வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி வழங்குவதால் நஞ்சருந்துதல் குறையவில்லை என்று 2017-இல் அறிவித்தது. வீட்டில் இருக்கும் பூட்டின் சாவியும் வீட்டில்தானே இருக்கிறது! அதே இலங்கையில் 1995-இலும் 1998-இலும் மிகக்கொடிய பூச்சிக்கொல்லிகளை அரசு தடைசெய்த பின், அதுவரை உலகின் மிக உயர்ந்த அளவுகளுள் ஒன்றாக இருந்த தற்கொலை விகிதம் பத்தாண்டுகளில் பாதியாகக் குறைந்தது. நம் மாநில அரசும் அண்மை ஆண்டுகளில் ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை விதித்தது. நடுவண் அரசின் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலத்துக்கு அத்தகைய குறுகிய காலத் தடைக்கே இடம் தருகிறது. நிலையான தடையின் சாவி தில்லியில் இருக்கிறது.

தமிழக அரசின் இன்னொரு செயலையும் நன்றியோடு குறிப்பிடவேண்டும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தவறியோர் ஓராண்டு காத்திராமல் சில வாரங்களிலேயே மீண்டும் எழுதும் வாய்ப்பை 2000-களின் தொடக்கத்தில் அது அளித்தது. பெருஞ்செலவு இல்லை, புதுக்கட்டடம் இல்லை. ‘எல்லாம் முடிந்தது’ என்று எண்ணும் பிள்ளைக்கு ‘அடுத்த மாதம் இருக்கிறது’ என்று சொன்ன ஓர் ஏற்பாடு, அவ்வளவே.

தண்டனையும் இரக்கமும்

1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளி என்றது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரும் கடமையை அரசின்மீது சுமத்தியது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அப்பழைய பொதுப்பிரிவு இடம்பெறவில்லை.

இதில் நாமும் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களே. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், தெரிந்தே தம் உயிரை மாய்த்துக்கொண்டவர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் அத்தடை இல்லை. 1992-இல் வெளியான மறைக்கல்வி ஏடு, கடும் மனத்துயரும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களது மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் கற்பிக்கிறது. சட்டம் மாறி நாற்பதாண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் நம் நாவு மாறியதா? துக்க வீட்டில் நாம் முதலில் கேட்பது ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்பதா, ‘ஏன் செய்தான்?’ என்பதா?

இந்த வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றே. மனிதரைப் பூட்டிய காலத்தில் எவரும் காக்கப்படவில்லை. நஞ்சையும் கடையையும் பூட்டி, மருத்துவமனையின் கதவைத் திறந்து வைத்த இடங்களில் உயிர்கள் பிழைத்தன. பெரிய சாவிகள் சென்னையிலும் தில்லியிலும் இருக்கலாம். எனினும் சிறிய சாவிகள் பல நம்மிடமே உள்ளன. கிராம சபையில் எழுந்து, நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநல மருந்து உண்டா என்று கேட்கலாம். மருந்துப் புட்டிகளை வீட்டுக்கு வெளியே பொதுவில் காக்க ஓர் இடம் கேட்கலாம். குடியிலிருந்து மீள விரும்புவோர் கூடிப் பேசப் பங்குமன்றத்தின் ஓர் அறையை மாலையில் திறந்துவிடலாம். துயரில் தவிப்போர் எந்நேரமும் பேசக்கூடிய 104, 14416 ஆகிய அரசின் இலவசத் தொலைபேசி எண்களை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவ்விரு எண்களையும் எழுத ஐந்து நிமிடமும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும்.