பறந்து போன கிளி

வீட்டில் வளர்த்த நாய் காணாமற் போனால் தெருவில் இறங்கித் தேடுகிறோம். பூனை காணாமற் போனால் அதுகூட இல்லை. பசித்தால் தானே வந்து சேரும் என்று இருந்துவிடுகிறோம். கிளி பறந்து போனால் மட்டும் வீட்டிலுள்ள அத்தனை பேரும் வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். தரையில் செல்லுபடியாகும் நம்முடைய அதிகாரம் ஆகாயத்தில் ஒரு முழம்கூடச் செல்லாது என்பது அப்போதுதான் தெரிகிறது.

அப்படிப் பறந்து போகும் கிளிகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, மனிதனுடைய தோளிலே உட்கார்ந்து அவன் விரலிலிருந்து கடலை வாங்கித் தின்கிற கிளி. அது வெளியுலகத்தைக் கண்டு மிரண்டு, பசி எடுத்ததும், யாராவது ஒருவர் தோளைத் தேடி இறங்கிவிடும். மற்றொன்று, கூண்டுக்குள் கை நுழைந்தாலே மூலையில் ஒண்டிக்கொண்டு கீச்சிடுகிற கிளி. அது போய்விட்டால் என்ன செய்வது? அதைத் திரும்ப அழைக்க வேண்டியவனும், அது கண்டு நடுங்குகிறவனும் ஒரே ஆசாமி அல்லவா? இந்தச் சங்கடம் இன்று நேற்று உண்டானதல்ல. மனிதன் கிளியை வளர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து கூடவே வருகிறது.

மேல்நாட்டாருக்குக் கிளியைப் பற்றி முதன்முதலில் எழுதிச் சொன்னவர்களில் ஒருவர் க்டேசியாஸ் என்ற கிரேக்க வைத்தியர். கி.மு. 5-ம் நூற்றாண்டின் கடைசியில் பாரசீகச் சக்கரவர்த்தியின் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். அங்கே காதில் விழுந்ததையெல்லாம் சேர்த்து இந்தியாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நம் நாட்டு மலைகளில் நாய்த் தலையுள்ள மனிதர்கள் வசிப்பதாக அதில் வருகிறது. இந்தியர் பாஷையைப் பேசுகிற ஒரு பறவை உண்டு, கிரேக்கம் சொல்லிக் கொடுத்தால் கிரேக்கமும் பேசும் என்றும் வருகிறது. நாய்த் தலை மனிதர்கள் வெறும் கப்ஸா ஆனார்கள். பேசும் பறவை மட்டும் மெய்யாயிற்று. அடுத்த நூற்றாண்டில் அலெக்ஸாண்டருடன் வந்த கடற்படைத் தலைவன் நியார்க்கஸும் கிளியை இந்தியாவின் அதிசயங்களில் ஒன்றாகக் குறித்து வைத்தான். நம் ஊர்ப் பெரிய பச்சைக் கிளிக்கு இன்றும் ஆங்கிலத்தில் அலெக்ஸாண்டரின் பெயர்தான் வழங்குகிறது.

அதிசயம் கைக்கு வந்தபின் அதை எப்படி நடத்தினார்கள்? வெஸுவியஸ் எரிமலை வெடித்தபோது கி.பி. 79-ல் உயிர் நீத்த ரோமாபுரி அறிஞர் பிளினி அதைச் சொல்லி வைத்திருக்கிறார். கிளியின் தலை அதன் அலகைப் போலவே கெட்டியாம். ஆகையால் பேசக் கற்றுக் கொடுக்கும்போது இரும்புக் கோலால் தலையில் அடிக்க வேண்டுமாம். வேறு அடி எதுவும் அதற்கு உறைக்காதாம். இப்படி அடிபட்டுப் படித்த கிளி சக்கரவர்த்திகளைக் கண்டதும் வந்தனம் சொல்லும், மது ஊற்றிக் கொடுத்தால் உல்லாசப்படும் என்று அதே பக்கத்தில் எழுதுகிறார். பாவம், அந்தப் பறவை மதுவைத் தேடியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது!

இரும்புக் கோலால் வந்தனம் சொல்ல வைக்கலாம்; வாஸ்தவம். ஆனால் ஒரு நாள் ஜன்னல் திறந்து கிடந்து கிளி பறந்து போனால், கோல் பிடித்தவன் அதை எந்தக் குரலில் கூப்பிடுவான்? அவன் குரலும் கோலும் அதன் ஞாபகத்தில் ஒன்றாகவே பதிந்திருக்கும். உரக்கக் கூப்பிடக் கூப்பிட அது இன்னும் ஒரு கிளை மேலே ஏறும்.

ரோமாபுரியைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் நாட்டில் சந்தையில் விற்ற கிளிகளில் பெரும்பாலானவை மரப் பொந்திலிருந்து குஞ்சாக இருக்கும்போதே கையை விட்டு எடுக்கப்பட்டவை. அதன் வாழ்க்கையில் மனிதனைப் பற்றிய முதல் செய்தி, பொந்துக்குள் நுழைந்த ஒரு கை. இரண்டாவது செய்தி, சிறகை வெட்டிய கத்தரிக்கோல். இவ்வளவுக்கும் பிறகு அது நம்மைக் கண்டு பயப்படுகிறதே என்று நாம் வருத்தப்படுகிறோம்!

சிறகை வெட்டினால் பறக்காது என்ற நம்பிக்கையே பல கிளிகள் தப்பிப் போகக் காரணம். வெட்டிய இறகு உதிர்ந்து புது இறகு முளைக்கும். வீட்டார் அதைக் கவனிப்பதில்லை. கூண்டைக் கழுவுவதற்காகக் கதவைத் திறக்கிறார்கள். எங்கோ ஒரு பாத்திரம் விழுகிறது. கிளி காற்றில் ஏறிவிடுகிறது. கூண்டிலே வளர்ந்த பறவைக்குப் பயத்தின் வேகத்தில் மேலே ஏறத் தெரியும். உயரமான கிளையிலிருந்து செங்குத்தாக இறங்கும் வித்தை தெரியாது. ஆகவே எதிரிலிருக்கும் பெரிய மரத்தின் உச்சியில் இலையோடு இலையாக உட்கார்ந்து வாயை மூடிக்கொள்கிறது. கீழே நிற்பவர்களோ அது காததூரம் போய்விட்டதென்று நினைத்துக்கொண்டு அடுத்த பேட்டையில் தேடப் போகிறார்கள்.

வாயைத் திறந்ததால் பிழைத்த கிளி ஒன்றின் கதை இங்கிலாந்தில் உண்டு. 1509 முதல் 1547 வரை ஆண்ட எட்டாம் ஹென்றி மன்னரின் கிளி, வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையிலிருந்து தேம்ஸ் நதியில் விழுந்துவிட்டதாம். படகுத் துறையில் தினமும் கேட்டுப் பழகிய வார்த்தைகளை வைத்துக்கொண்டு, படகு வேண்டும், இருபது பவுன் தருகிறேன் என்று அது கூவியதாம். ஓடக்காரன் ஒருவன் எடுத்துக்கொண்டு போய் அரசரிடம் கொடுத்து, பறவை சொன்ன தொகையைக் கேட்டான். கிளி இப்போது என்ன சொல்கிறதோ அதைக் கொடுத்துவிடுகிறேன் என்றார் அரசர். இந்தப் போக்கிரிக்கு நாலு பென்ஸ் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டதாம் கிளி! 17-ம் நூற்றாண்டில் வெளிவந்த வில்லபியின் பறவை நூலிலேயே இந்தக் கதை இடம் பெற்றுவிட்டது. நடந்ததோ, கட்டியதோ, ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. மனிதனுக்கு அஞ்சாத பறவையாக இருந்ததால்தான் ஆபத்து வேளையில் மனிதனையே கூப்பிட்டது.

கதையை விட்டு நம் காலத்துக்கு வருவோம். 2008-ம் வருஷம் ஜப்பானில் டோக்கியோவுக்கு அருகிலுள்ள நாகரேயாமா நகரத்தில் சாம்பல் நிறக் கிளி ஒன்று யாரோ ஒருவர் வீட்டுக் கூரையில் அகப்பட்டது. போலீஸார் அதை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஓர் இரவு வைத்திருந்தார்கள். என்ன கேட்டும் அது வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு மிருக வைத்தியரிடம் ஒப்படைத்தார்கள். அங்கே யாரும் அதை விசாரிக்கவில்லை. தீனி வைத்தார்கள், சும்மா விட்டார்கள். சில நாள் கழித்து அந்தக் கிளி தன் பெயரையும், வீட்டு இலக்கம் உட்பட முழு விலாசத்தையும் தானாகவே ஒப்பித்தது! விசாரித்துப் பார்த்ததில் விலாசம் சரியாக இருந்தது. கிளி வீடு போய்ச் சேர்ந்தது. போலீஸ் ஸ்டேஷனில் இருந்தபோதும் அதே விலாசம் அதற்குத் தெரிந்துதான் இருந்தது. பயம் விட்ட பிறகுதான் அது நாக்குக்கு வந்தது.

இந்த ரகசியத்தை நன்றாக அறிந்திருந்தவர் ஆஸ்திரியா தேசத்து விஞ்ஞானி கொன்ராட் லோரன்ஸ். 1973-ல் நோபல் பரிசு பெற்றவர். டான்யூப் நதிக்கரையில் ஆல்டன்பர்க் என்ற ஊரில் பறவைகளைக் கூண்டில் அடைக்காமலே வளர்த்து வந்தார். ஒரு நாள் ரயிலிலிருந்து இறங்கிய கூட்டத்தின் நடுவே அவர் நிற்கும்போது, தம்முடைய வெள்ளைக் கொண்டைக் கிளி வெகு உயரத்தில் எங்கோ பறந்து போவதைக் கண்டார். கூப்பிடலாமா, வேண்டாமா? அந்த ஜாதிக் கிளி தன் இனத்தைக் கூப்பிடும் குரல், பன்றியைக் கழுத்தறுக்கும்போது கேட்கும் ஓலத்துக்கு அண்ணன். கனவான்களும் சீமாட்டிகளும் நிற்கும் ரயில் நிலையம் வேறு. லோரன்ஸ் மானத்தைப் பார்க்கவில்லை. தொண்டை கிழிய அந்தக் குரலைக் கொடுத்தார். ஜனங்கள் திகைத்து மரமாய் நின்றார்கள். மேலே போன பறவை ஒரு கணம் தயங்கிற்று. பிறகு சிறகை மடக்கிக்கொண்டு விழுந்து வந்து அவர் நீட்டிய கையில் உட்கார்ந்தது. அதைப் பார்த்த பிறகுதான், இந்த மனுஷருக்குப் பைத்தியம் இல்லை என்று கூட்டத்தாருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் வலை வீசவில்லை, ஏணி சாத்தவில்லை. கிளியின் பாஷையில் கூப்பிட்டார். அதற்கு முன் எத்தனையோ நாள் அது தம்மை நம்பும்படி நடந்துகொண்டிருந்தார். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்காதவர்கள் என்ன செய்வது? கிளி பறந்து போன பிற்பாடு அந்தச் சம்பாத்தியத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அவகாசமோ சில நாட்களே. காக்கை துரத்தும், வல்லூறு அடிக்கும். இரை தேடப் பழகாத பறவை பட்டினியாலும் சாகும்.

பறவை வளர்ப்பில் தேர்ந்தவர்கள் சொல்லும் முறை இதுதான். முதலில், கூட்டத்தைக் கலைக்க வேண்டும். கம்பு, வலை, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட வேண்டும். பிடிக்கப் போய்த் தவறும் ஒவ்வொரு தடவையும் கிளி ஒரு பாடம் படிக்கிறது. அந்தப் பாடத்தை அது மறப்பதில்லை. அடுத்தபடியாக, அது இருந்த பழைய கூண்டையே, பழைய கிண்ணத்தோடும் பழைய தீனியோடும், மொட்டை மாடியில் அதன் கண்ணில் படும்படி வைத்துக் கதவைத் திறந்து கட்ட வேண்டும். ஜோடிக் கிளி இருந்தால் அதை வேறொரு கூண்டில் பக்கத்தில் வைக்கலாம். அதன் குரல் செய்கிற காரியத்தைப் பத்து மனிதர்கள் சேர்ந்தாலும் செய்ய முடியாது. கிளிகள் பசியோடு ஓடியாடுவது விடியற்காலையிலும் சாயங்காலத்திலும். அந்த வேளைகளில் வீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்து, பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு, தாமும் ஒரு கொய்யாப் பழத்தைத் தின்றுகொண்டிருப்பது நலம். இரண்டு கண்ணாலும் நேரே உற்றுப் பார்ப்பது வேட்டையாடும் பிராணியின் வழக்கம். கிளிக்கு அது நன்றாகத் தெரியும். கடைசியாக, கிளி கூண்டுக்குள் தலையை நீட்டியதும் பாய்ந்து கதவைச் சாத்தக் கூடாது. உள்ளே போய், நிம்மதியாகத் தின்னத் தொடங்கிய பிறகு, தூரத்திலிருந்து நூலை இழுத்து மூட வேண்டும். அவசரப்பட்டுத் தவறவிட்டால் மறுபடி அது கூண்டின் அருகே வருவது துர்லபம்.

மனிதன் கிளியைக் கண்டு பயந்த ஒரு சமயமும் சரித்திரத்தில் உண்டு. 1929-ம் வருஷக் கடைசியில் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய கிளிகளோடு ஒரு காய்ச்சலும் பல தேசங்களுக்குப் பரவிற்று. 1930 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ஹூவர் கிளிகள் இறக்குமதியாவதற்குத் தடை போட்டார். பத்திரிகைகள் பீதியைக் கிளப்பின. அதுவரை கொஞ்சிய கிளியைப் பலர் ஜன்னலைத் திறந்து தாங்களே விரட்டினார்கள். இன்று லண்டன் பூங்காக்களில் நம் ஊர்ப் பச்சைக் கிளிகள் கூட்டம் கூட்டமாகப் பறப்பதற்குச் சினிமாக்காரர்களும் பாட்டுக்காரர்களும் காரணம் என்று கதைகள் உலவின. 2019-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி அந்தக் கதைகளை ஒதுக்கிவிட்டது. பல காலம், பல வீடுகளிலிருந்து தப்பியவையும், நோய்ப் பயத்தால் விடப்பட்டவையுமே பெருகியிருக்கக் கூடும் என்று அதைச் செய்தவர்கள் கருதினார்கள். குளிரையும் பனியையும் சமாளித்துக்கொண்டு அந்தக் கிளிகள் மரப் பொந்துகளில் குடித்தனம் நடத்துகின்றன. அவற்றைத் திரும்ப அழைக்க யாரும் மொட்டை மாடியில் கூண்டு வைக்கவில்லை.

அப்படியானால், போன கிளியைத் திரும்பப் பிடிப்பது நியாயம்தானா? நம் நாட்டுப் பச்சைக் கிளியைப் பொறுத்தவரை சட்டமே பதில் சொல்லிவிட்டது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1990-91-ல் வந்த தடையும் சேர்ந்து, அதைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம் என்று ஆக்கியிருக்கின்றன. நன்றாகப் பறக்கக் கூடிய பச்சைக் கிளி தன் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டால், அது காணாமற் போகவில்லை. வீடு போய்ச் சேர்ந்தது. ஆனால் சிறகு ஊனமானதும், பிறந்தது முதல் கிண்ணத்தில் தின்று பழகியதும், வேறு கண்டத்திலிருந்து வந்ததுமான கிளிக்கு நம் ஊர் மரம் வீடாகாது. அந்த நிலைக்கு அதைக் கொண்டு வந்தவர்கள் மனிதர்கள். இறக்கிக் காப்பாற்ற வேண்டிய கடமையும் மனிதர்களுடையதே. பச்சைக் கிளியானால் இறக்கிய பின் வனத் துறையாரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, கபிலர் பழக்கிய கிளிகள் வெளியே பறந்து போய் நெற்கதிர்களைக் கொணர்ந்து மலைமேல் இருந்தவர்களின் பசி தீர்த்தன என்று பரம்பரையாகச் சொல்லி வருகிறோம். அகநானூற்றில் நக்கீரரும் ஔவையாரும் இதைக் குறிப்பிடுகிறார்கள். ஔவையார் பாட்டில் அவை குருவிகள். கிளியோ குருவியோ, காலையில் போனவை மாலையில் திரும்பின. வழியெல்லாம் காடு இருந்தது; விளைந்த வயல் இருந்தது; தடுப்பார் யாரும் இல்லை. முற்றுகைக்குள் அகப்பட்டுப் பட்டினி கிடந்த மலைக்கு அவை ஏன் திரும்பி வர வேண்டும்? கபிலரிடம் இரும்புக் கோல் இருந்ததாக எந்தப் புலவரும் பாடவில்லை.